231 வோல்ட் காட்டியும் சூடேறாத ஹீட்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

25 லிட்டர் வாட்டர் ஹீட்டர் ஒன்று. 230 வோல்ட், 2000 வாட் என்று அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் இருந்தவரை அரை மணி சொச்சத்தில் தண்ணீரைச் சூடாக்கிக் கொடுத்தது. நண்பர் அதைக் கழற்றி, தோட்டத்தில் தனியாகக் கட்டிய அறைக்கு மாற்றினார். அன்றிலிருந்து அதே வேலைக்கு 37 நிமிடம். உப்புப் படிந்து காயில் போயிருக்கும் என்று யாரோ சொல்ல, காயிலை மாற்றிப் பார்த்தார். அப்புறமும் 37 நிமிடம்தான்.

நண்பர் மல்டிமீட்டரும் கையுமாக இருப்பவர். புதுக் காயிலை மாட்டும் முன் அதன் மின்தடையை அளந்திருக்கிறார்: 26.4 ஓம். ஹீட்டரின் முனைகளுக்கு வரும் மின்னழுத்தத்தையும் அளந்திருக்கிறார்: 231 வோல்ட். மின்னழுத்தத்தை அதாலேயே பெருக்கி மின்தடையால் வகுத்தால் திறன். 231 × 231 ÷ 26.4 = 2021 வாட். ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளதைவிட 21 வாட் கூடுதல்.

"கணக்கு சரியா வருதுடா, தண்ணிதான் சூடாக மாட்டேங்குது" என்றார் போனில்.

சூத்திரத்தில் தவறில்லை, பெருக்கல் வகுத்தலிலும் தவறில்லை. ஆனால் அந்த 231 அளக்கப்பட்டபோது காயிலில் மின்னோட்டமே ஓடவில்லை, சூடானதும் காயிலைத் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் அணைந்திருந்தது. அந்த 26.4 அளக்கப்பட்டபோது காயில் மேசை மேல் கிடந்தது. இரண்டும் மெய்யான அளவுகள்தான். ஒரே நேரத்தில், ஒரே சுற்றில் சேர்ந்து இருந்ததே இல்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக் கணக்கில் இரண்டு எண்களைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நாம் வகுத்தால் போதும். நேரில் பார்க்கும்போது எந்த இரண்டு எண்களை எடுப்பது என்பதில்தான் முக்கால்வாசி வேலை.

தண்ணீரே சொன்ன திறன்

கிளம்பும் முன் ஒரு வெப்பமானியை வைத்து மறுபடி ஒருமுறை நேரம் பார்க்கச் சொன்னேன். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு 37 நிமிடம் என்றார். இதுவே ஒரு அளவீடு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 4.186 கிலோஜூல் வேண்டும். 25 லிட்டர், 35 டிகிரி: 4.186 × 25 × 35 = 3663 கிலோஜூல். இதை 37 நிமிடத்தின் 2220 விநாடிகளால் வகுத்தால் 1650 வாட். தொட்டியின் சுவர் வழியே கொஞ்சம் வெப்பம் போயிருக்கும். ஆக, காயிலில் மெய்யாக எரிவது 1650-க்குச் சற்று மேலே இருக்கலாம். 2021 வாட் நிச்சயமாக இல்லை.

இதிலிருந்து பின்னோக்கிப் போகலாம். காயில் 26.4 ஓம் என்பது சரி, திறன் 1650 வாட் என்பதும் சரி என்று வைத்துக்கொள்வோம். திறனை மின்தடையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் மின்னோட்டம்: 1650 ÷ 26.4 = 62.5, வர்க்கமூலம் 7.9 ஆம்பியர். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மின்னழுத்தம்: ஏறக்குறைய 209 வோல்ட். ஹீட்டரைத் திறக்காமல், கம்பியைத் தொடாமல், ஹீட்டர் ஓடும்போது அதன் முனைகளில் 231 இருக்காது, 209-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனேன். இப்படி முன்னாலேயே எழுதி வைப்பது எனக்குப் பழக்கம். எழுதாமல் போனால், மீட்டர் என்ன காட்டினாலும் "நான் நினைத்ததுதான்" என்று மனசு சொல்லிவிடும்.

மின்தடை பற்றி ஒரு சந்தேகம் இருந்தது: குளிர்ந்த காயிலை ஓம் மீட்டரில் அளந்த எண்ணை நம்பலாமா? ஹீட்டர் காயிலின் உள்ளே இருப்பது நிக்ரோம் என்ற நிக்கல்-குரோமியம் கலவைக் கம்பி. சூடானாலும் அதன் மின்தடை சில சதவீதமே மாறும். அதுவும் தண்ணீருக்குள் கிடக்கும் காயில் செந்தணலாகப் போவதில்லை. ஆகவே நம்பலாம். இதையே பழைய 100 வாட் குண்டு பல்பில் செய்தால் ஏமாந்து போவோம். அணைந்திருக்கும்போது அதன் டங்ஸ்டன் இழை 40 ஓம் போலக் காட்டும். கணக்குப் போட்டால் 1300 வாட்டுக்கு மேல் வரும். எரியும்போது அது 529 ஓம்.

அளந்த விதம்

ஓடும் சுற்றில் கைவைக்கும் வேலை இது. பழகியவர்கள் மட்டும், மெயின் மின்சாரத்துக்கு உரிய தரத்தில் உள்ள மீட்டரோடு செய்ய வேண்டியது. மல்டிமீட்டரின் சிவப்பு முள் ஆம்பியர் துளையில் செருகியிருப்பதை மறந்து மின்னழுத்தம் அளக்கப் போனால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். அதனால் மின்னோட்டத்துக்கு, கம்பியை வெட்டாமல் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர், மின்னழுத்தத்துக்கு மல்டிமீட்டர் என்று பிரித்துக்கொண்டேன்.

கிளாம்பை மாட்டியதும் 0.00. ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது, தொட்டி லேசாக முனகுகிறது, மீட்டர் பூஜ்யம் என்கிறது. காரணம் என் அவசரம்: ஹீட்டருக்குப் போகும் மொத்தக் கேபிளையும் சேர்த்துக் கவ்வியிருந்தேன். பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துவிடும். பேஸ் கம்பியை மட்டும் தனியே எடுத்துக் கவ்வியதும் 7.96 ஆம்பியர் என்று நின்றது.

அதே நேரம் ஹீட்டர் முனைகளில் 210.6 வோல்ட். தெர்மோஸ்டாட்டை அணைத்தேன், எண் சட்டென்று 231-க்குத் தாவியது. மறுபடி போட்டேன்; மறுபடி 210.6. பிரச்சினை எந்தப் பக்கம் என்பது அந்தத் தாவலிலேயே தெரிந்துவிட்டது.

மின்தடை 210.6 ÷ 7.96 = 26.46 ஓம். காயில் கச்சிதமாக இருக்கிறது. திறன் 210.6 × 7.96 = 1676 வாட். தண்ணீர் சொன்ன 1650-க்கு மேலே, தொட்டியின் வெப்ப இழப்புக்குக் கொஞ்சம் இடம் விட்டு.

மின்னழுத்தம் 230-லிருந்து 210.6 ஆனது எட்டரை சதவீதக் குறைவுகூட இல்லை. திறனில் குறைந்தது 16 சதவீதம். மின்னழுத்தம் இறங்கினால் மின்னோட்டமும் சேர்ந்து இறங்கும், இரண்டின் பெருக்கல்தான் திறன், ஆகவே அடி இரட்டிப்பாக விழும். "இருபது வோல்ட்தானே" என்று நண்பர் சொன்னதில் இருந்த "தானே" இங்கேதான் உடைந்தது.

காணாமல் போன 18 வோல்ட்

அடுத்து மெயின் போர்டு. ஹீட்டர் அணைந்திருக்கும்போது 231.0, ஓடும்போது 228.6. இந்த 2.4 வோல்ட் வெளியிலிருந்து வரும் இணைப்பில் விழுவது. 2.4 ÷ 7.96 = 0.3 ஓம், அதில் கைவைக்க ஒன்றுமில்லை. போர்டில் 228.6, ஹீட்டரில் 210.6. இடையில் 18 வோல்ட் எங்கோ தங்கிவிட்டது. 18 ÷ 7.96 = 2.26 ஓம். 18 × 7.96 = 143 வாட். தண்ணீருக்குப் போக வேண்டிய இடத்தில், 143 வாட் வழியிலேயே எதையோ சூடாக்கிக்கொண்டிருக்கிறது.

இந்த 18-ஐ அப்படியே நம்பக் கூடாது. இரண்டு பெரிய எண்களைக் கழித்து வந்த சிறிய எண் அது. மீட்டர் ஒரு சதவீதம் பிசகினாலே ஒவ்வொரு அளவிலும் இரண்டு வோல்ட்டுக்கு மேல் ஆடும். இரண்டும் எதிரெதிராகப் பிசகினால் 18 என்பது 14-ஆகவோ 22-ஆகவோ இருக்கலாம். ஒரே மீட்டர், ஒரே அளவு வரம்பு என்பதால் பிசகு இரண்டிலும் ஒரே பக்கம்தான் இருக்கும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் போர்டுக்கும் ஹீட்டருக்கும் நடக்கும் நேரத்தில் வெளி மின்சாரமே ஏறி இறங்கலாம். மூன்று தடவை போய்வந்து பார்த்தேன். வித்தியாசம் 18-ஐ விட்டுப் பெரிதாக நகரவில்லை.

இனி 18 வோல்ட் எங்கே விழுகிறது? போர்டிலிருந்து அறைக்கு 40 மீட்டர். போய்த் திரும்ப 80 மீட்டர் செம்பு. கேபிளின் உறையைத் துடைத்துப் படித்தால் 1 சதுர மி.மீ. கம்பி. இந்தத் தடிமன் செம்பு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 18.1 ஓம். 80 மீட்டருக்கு 1.45 ஓம். 7.96 ஆம்பியர் போனால் 11.5 வோல்ட். வெயிலில் கிடக்கும் குழாய்க்குள் கம்பி சூடாக இருக்கும் என்று கூட்டிக்கொண்டாலும் 12, 13 வோல்ட். இன்னும் ஐந்து வோல்ட் பாக்கி.

கேபிளில் எர்த் கம்பியும் கூடவே ஓடுகிறது. அதில் மின்னோட்டம் இல்லை. ஆகவே மின்னழுத்த இழப்பும் இல்லை. மீட்டரின் முள்ளை போர்டு வரை நீட்டிக்கொள்ள 40 மீட்டர் கம்பியை யாரோ நமக்காக முன்பே இழுத்து வைத்த மாதிரி. ஓடும் ஹீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தேன்: 7.3 வோல்ட். போர்டில் அதே இரண்டுக்கும் இடையே 1.1 வோல்ட். அப்படியானால் நியூட்ரல் கம்பியின் 40 மீட்டரில் மட்டும் விழுவது 6.2 வோல்ட். இது சிறிய எண்ணாகவே அளந்த சிறிய எண். பெரியதிலிருந்து பெரியதைக் கழித்ததல்ல.

இதை வைத்துக்கொண்டு பேஸ் கம்பிக்கு வந்தால், 18.0 − 6.2 = 11.8 வோல்ட். ஒரே கேபிள், ஒரே தடிமன், ஒரே நீளம், ஒரே மின்னோட்டம். நியூட்ரலில் 6.2 விழுந்தால் பேஸிலும் 6.2 தான் விழ வேண்டும். கூடுதலாக 5.6 வோல்ட். நல்ல கம்பி இப்படி ஓரவஞ்சனை செய்யாது. பேஸ் பக்கத்தில் ஏதோ ஓரிடத்தில் 5.6 வோல்ட்டை விழுங்கும் ஒன்று இருக்க வேண்டும். 5.6 ÷ 7.96 = 0.7 ஓம்.

பெட்டிக்குள் இருந்தது

பாதி வழியில், சுவரோரமாக ஒரு ஜங்ஷன் பெட்டி இருந்தது. மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மூடியைக் கழற்றினேன். முதலில் வந்தது வாசனை: கருகிய பிளாஸ்டிக்கின் அந்தத் திகட்டும் நெடி. கேபிளின் நீளம் போதாமல் அங்கே இரண்டு துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். நியூட்ரலிலும் எர்த்திலும் கம்பிகளை நன்றாக முறுக்கியிருந்தார்கள். பேஸில் முறுக்கு அரைகுறை. அதன் மேல் சுற்றிய டேப் பழுப்பேறி, நகத்தால் தட்டினால் டக்கென்று சத்தம் வரும் அளவுக்கு இறுகியிருந்தது. டேப்பை உடைத்துப் பிரித்தால் உள்ளே செம்பு பளபளப்பை இழந்து கறுத்திருந்தது. இரண்டு பக்கமும் விரலளவு தூரம் வரை இன்சுலேஷன் சுருங்கிப் பின்வாங்கியிருந்தது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, அளவு முட்களை இணைப்பின் இரு பக்கமும் பொருத்திவிட்டு, தள்ளி நின்று மெயினைப் போடச் சொன்னேன். 5.6 வோல்ட். ஒரு பட்டாணி அளவு இடத்தில் 5.6 × 7.96 = 45 வாட். மேசையில் வைத்துப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றின் திறன் அது. டேப் சுற்றிய பெட்டிக்குள் ஒரு சால்டரிங் அயர்னை வைத்து மூடி, தினமும் அரை மணிக்கு மேல் ஓடவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மீதி 12.4 வோல்ட் கம்பியில். 12.4 × 7.96 = 99 வாட். இணைப்பில் உள்ளதைவிட இரு மடங்குக்கும் மேல், ஆனாலும் கம்பி கருகவில்லை. 80 மீட்டரில் பரவியதால் மீட்டருக்கு ஒன்றேகால் வாட் கூட இல்லை. லேசான வெதுவெதுப்போடு போயிற்று. வாட் எவ்வளவு என்பதோடு அது எத்தனை இடத்தில் பரவியிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். பெரிய இழப்பு நேரத்தைத் தின்றது; சிறிய இழப்பு தீப்பிடிக்கக் காத்திருந்தது. நண்பர் முறையிட்டது முதலாவதைப் பற்றி மட்டும்.

ஒரு சின்ன வேடிக்கை: 12.4 ÷ 7.96 = 1.56 ஓம். 20 டிகிரியில் இருக்க வேண்டியது 1.45. செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். ஏழரை சதவீத ஏற்றம் என்றால் சுமார் 19 டிகிரி. ஆக, கம்பி 40 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. கிளாம்ப் மீட்டரின் பிசகை நினைத்தால் ஏழெட்டு டிகிரி இப்படி அப்படி இருக்கலாம். குழாயைத் தொட்டால் வெதுவெதுவென்றுதான் இருந்தது.

எம்.சி.பி. ஏன் விழவில்லை, டெஸ்டர் விளக்கு ஏன் எரியும்

இந்தச் சுற்றுக்கு 10 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானே விழுந்து சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருந்தார்கள். அது பார்ப்பது மின்னோட்டத்தை மட்டும். மோசமான இணைப்பு சுற்றின் மின்தடையைக் கூட்டுகிறது, மின்னோட்டம் குறைகிறது. சரியாக ஓடும் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும், இது 7.96 தான் இழுத்தது. எம்.சி.பி.யின் கண்ணுக்கு இது முன்னைவிட ஒழுங்கான சுற்று. மின்கசிவைப் பார்க்கும் கருவி இருந்திருந்தாலும் பயனில்லை, எங்கும் கசியவில்லையே.

லோடு இல்லாமல் மல்டிமீட்டர் 231 காட்டியதற்கும் இதே குணம்தான் காரணம். மின்னழுத்தம் அளக்கும்போது சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை 10 மெகாஓம். அதன் வழியே ஓடுவது மிக அற்பமான மின்னோட்டம். அந்தக் கருகிய இணைப்பு 0.7 ஓம் இல்லாமல் 1000 ஓம் ஆகவே இருந்திருந்தாலும், அதில் விழுவது 0.02 வோல்ட்தான், மீட்டர் அப்போதும் 231 என்றே சொல்லும். டெஸ்டர் விளக்கும் அதே கதைதான். இவை "மின்சாரம் வந்து சேர்கிறதா" என்ற கேள்விக்குப் பதில் சொல்பவை. "எட்டு ஆம்பியரைத் தாங்குமா" என்று நாம் கேட்கவே இல்லை.

அணைத்துவிட்டு ஓம் மீட்டரில் இணைப்பை அளந்திருக்கலாமே என்று நண்பர் கேட்டார். அளந்து காட்டினேன். முட்கள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலே 0.3 ஓம். இணைப்பில் வைத்தால் ஒருமுறை 0.6, கம்பியை லேசாக அசைத்தால் 1.4, மறுபடி 0.9. எட்டு ஆம்பியர் ஓடும்போது விழும் 5.6 வோல்ட்டை அளப்பது எளிது. 0.7 ஓமைச் சும்மா அளப்பது கடினம்.

ஓம் இதையெல்லாம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டவர். கொலோனில் பள்ளி ஆசிரியராக இருந்த கேயார்க் சைமன் ஓம் முதலில் சோதனை செய்தது அந்தக் கால மின்கலங்களோடு. கம்பியை மாட்டியதும் அவற்றின் மின்னழுத்தம் நிலையில்லாமல் சரிந்தது, எண்கள் ஒத்துவரவில்லை. 1826-இல் அவற்றை விட்டுவிட்டு, ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலுமாக வைத்த பிஸ்மத்-செம்பு வெப்ப இணையை (இரு முனைகளின் வெப்பநிலை வித்தியாசத்தால் மின்னழுத்தம் தரும் உலோக இணைப்பை) மின் மூலமாகப் பயன்படுத்தினார். அதற்குப் பிறகே அவருடைய அளவுகள் ஒரு விதியில் அடங்கின. அவர் எழுதிய முதல் வடிவத்தில் வகுக்கும் இடத்தில் இரண்டு உறுப்புகள் இருந்தன: சோதிக்கும் கம்பி ஒன்று, மீதிச் சுற்று முழுவதும் இன்னொன்று. பாடப் புத்தகம் பிறகு அந்த இரண்டாவதை மெல்லக் கழற்றிவிட்டது. நண்பரின் 2021 வாட்டில் இல்லாமல் போனதும் அதேதான்: மீதிச் சுற்று. அதையும் சேர்த்தால் 26.46 + 1.56 + 0.7 + 0.3 = 29.02 ஓம், 231 ÷ 29.02 = 7.96 ஆம்பியர். கிளாம்ப் காட்டிய எண்.

மாற்றியது

இணைப்பை மட்டும் சரிசெய்தால் தீ ஆபத்து போகும். நேரம் இரண்டு நிமிடம் குறையும். கம்பியில் விழும் வோல்ட் அப்படியே இருக்கும். ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் நெறிமுறைப் பரிந்துரைப்படி, விளக்கு அல்லாத சுற்றில் ஐந்து சதவீதத்துக்கு மேல் விழக் கூடாது. 230-க்கு அது 11.5 வோல்ட். 1 சதுர மி.மீ. கம்பி எட்டு ஆம்பியரைத் தாங்கும், கருகாது. ஆனால் 40 மீட்டர் தூரத்துக்கு ஒத்துவராது. 4 சதுர மி.மீ. கேபிளை நடுவில் ஒட்டில்லாமல் ஒரே நீளமாக இழுத்தோம். இது கிலோமீட்டருக்கு 4.61 ஓம், 80 மீட்டருக்கு 0.37. இழுத்த பிறகு ஹீட்டர் முனைகளில் 225.1 வோல்ட், 8.51 ஆம்பியர். மின்தடை 26.45 ஓம், திறன் 1916 வாட். தண்ணீர் 33 நிமிடத்தில் 60 டிகிரி. கேபிளில் விழுவது 3.2 வோல்ட், 27 வாட்.

அந்த உற்சாகத்தில் நண்பர் கிளாம்பை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த தண்ணீர் மோட்டாரிடம் போனார். 228 வோல்ட், 4.2 ஆம்பியர், "54 ஓம், 958 வாட்" என்று கணக்கும் சொல்லிவிட்டார். அங்கே நிறுத்தச் சொன்னேன். மோட்டாரில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதில்லை. அந்தப் பெருக்கல் தருவது வோல்ட்-ஆம்பியர். வாட் அதைவிடக் குறைவு. அந்த 54 ஓமும் செம்புச் சுருளின் மின்தடை இல்லை. ஹீட்டரில் சரிவந்த கணக்கு அங்கே சரிவராது.

கடைசியாக, தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய காயிலைக் கொண்டுவந்தார். மேலே வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. ஓம் மீட்டர் 26.7 என்றது, முட்களின் 0.3-ஐக் கழித்தால் 26.4. துணியில் சுற்றி மறுபடி அலமாரியில் வைத்தார்.